விருதுநகர் மாவட்டத்தில் குழந்தையின்மைச் சிகிச்சைத் தெரிவுகள்

குழந்தையின்மைச் சிகிச்சைத் தெரிவு என்பது, இயல்பாகக் கருத்தரிக்காத இணையர் தமக்கு ஏற்ற வழியைத் தேர்ந்துகொள்வதைக் குறிக்கும். காத்திருத்தல், மருந்து, அறுவை மருத்துவம், கருப்பையுள் விந்து செலுத்தல், வெளிச் சோதனை முறை கருக்கட்டல், தானமாகப் பெற்ற பாலணுக்கள், தத்தெடுப்பு ஆகியன இவ்வழிகளாகும். இக்கட்டுரை இத்தெரிவுகளைத் தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தை, குறிப்பாகச் சிவகாசியைச் சூழ்ந்த பட்டாசுத் தொழில் வட்டாரத்தை முன்வைத்து விளக்குகிறது. தெரிவைத் தீர்மானிப்பவை நான்கு. அவை குழந்தையின்மைக்கான காரணம், பெண்ணின் வயது, கையிலுள்ள பணம், மருத்துவமனையின் தொலைவு என்பனவாகும். முதலாவதை அறியாமலே மற்ற மூன்றையும் செலவழித்துவிடுவது இவ்வட்டாரத்தில் மட்டுமன்றி எங்கும் காணப்படும் பிழையாகும்.

வட்டாரப் பின்னணி

பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டது விருதுநகர் மாவட்டம். 1920களில் தீப்பெட்டித் தொழிலுடன் தொடங்கிய சிவகாசியின் தொழில் வளர்ச்சி, பின்னர் பட்டாசு, அச்சு ஆகிய துறைகளுக்கும் விரிந்தது. இந்தியாவில் விற்பனையாகும் பட்டாசுகளில் மிகப் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் பகுதிகளிலுள்ள ஆலைகளில் உருவாகிறது. தொழிலாளர்களில் பெண்கள் கணிசமானோர். கூலி பெரும்பாலும் நாள் கணக்கிலோ, செய்து முடித்த எண்ணிக்கைக் கணக்கிலோ கிடைக்கிறது. ஆலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலி இல்லை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை மிகுந்தும், தீபாவளியை அடுத்த வாரங்களில் ஆலைகள் மூடப்பட்டும் இருப்பது வழக்கம். மருத்துவமனைக்குப் பலமுறை செல்ல வேண்டிய சிகிச்சை எதையும் தேர்ந்துகொள்வோர்க்கு இந்நாட்காட்டி முக்கியமானது.

திருமணமான ஓராண்டுக்குள் "விசேஷம் உண்டா" என்று உறவினர் கேட்கத் தொடங்குவது தென்மாவட்டங்களில் இயல்பு. பதில் சொல்ல வேண்டியவராக எப்போதும் பெண்ணே கருதப்படுகிறார். சாத்தூரை அடுத்த இருக்கன்குடி மாரியம்மன் கோயில் போன்ற இடங்களில் குழந்தை வேண்டி நேர்த்திக்கடன் செலுத்துவோர் பலர். மருத்துவரிடம் முதலில் தனியாகவோ, தாயுடனோ மாமியாருடனோ செல்பவரும் பெண்ணே. கணவர் இரண்டாண்டுகள் கழித்து வருவதும் உண்டு, வராமலே போவதும் உண்டு. இதன் விளைவு கீழே விளக்கப்படுகிறது.

எப்போது சிகிச்சை தேவை

கருத்தடை எதுவும் இன்றி 12 மாதங்கள் ஒழுங்காக உடலுறவு கொண்டும் கருத்தரிக்காத நிலையை உலக சுகாதார அமைப்பு குழந்தையின்மை என வரையறுக்கிறது. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இந்நிலையை எதிர்கொள்வதாக அவ்வமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. குறைபாடு ஏதும் இல்லாத இளம் இணையர்க்கும் ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று மட்டுமே. ஓராண்டில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கருத்தரித்துவிடுவர். எனவே திருமணமான நான்காம் மாதத்தில் சிகிச்சை தேடுவது பெரும்பாலும் தேவையற்றது.

இதற்கு விதிவிலக்குகள் உள. பெண்ணுக்கு வயது 35ஐக் கடந்திருந்தால் ஆறு மாதங்களுக்குப் பின்னும், 40ஐக் கடந்திருந்தால் உடனடியாகவும் மருத்துவரை அணுக வேண்டும். மாதவிடாய் ஒழுங்கற்றோ வராமலோ இருத்தல், காசநோய் வந்திருத்தல், இடுப்புப் பகுதியில் அறுவை நடந்திருத்தல், ஆணுக்குச் சிறுவயதில் விரை இறங்காதிருத்தல் அல்லது அம்மைக்கட்டுடன் விரை வீக்கம் கண்டிருத்தல் ஆகியவை இருப்பின் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை.

முதற் பரிசோதனைகள்

குழந்தையின்மை நிகழ்வுகளில் ஏறத்தாழ பாதியில் ஆணின் குறைபாடு தனியாகவோ பெண்ணின் குறைபாட்டுடன் சேர்ந்தோ காரணமாக உள்ளது. அதனை அறிய உதவும் விந்துப் பரிசோதனையே எல்லாப் பரிசோதனைகளிலும் மலிவானது. சில நூறு ரூபாயில் முடிவது. ஊசியோ வலியோ இல்லாதது. எனினும் பெண்ணுக்கு இரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன், கருக்குழாய்ப் படம், சில வேளைகளில் மயக்க மருந்து கொடுத்து உள்நோக்கிச் சோதனை ஆகிய அனைத்தும் முடிந்த பின்னரே இப்பரிசோதனை கேட்கப்படும் நிலை அடிக்கடி ஏற்படுகிறது. ஓராண்டு கருமுட்டை தூண்டும் மாத்திரை உட்கொண்ட பெண்ணின் கணவர்க்கு விந்தணுவே இல்லை என்பது பின்னர் தெரியவந்தால், இழந்த ஓராண்டை மீட்க வழியில்லை. ஆகையால் முதல் மருத்துவச் சந்திப்பிலேயே இப்பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நன்று.

பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் வரை விந்து வெளியேற்றம் இல்லாதிருக்க வேண்டும். மாதிரியை ஆய்வகத்திலேயே கொடுப்பது சிறந்தது. வீட்டில் எடுத்தால் உடல் வெப்பத்தில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, ஒரு மில்லிலீட்டரில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள், மொத்தத்தில் 42 விழுக்காடு அசைவு, 4 விழுக்காடு இயல்பான வடிவம் ஆகியன கீழ்வரம்புகளாகும். இவ்வரம்புகள் ஓராண்டுக்குள் இயல்பாகக் கருத்தரித்த இணையரின் அளவுகளிலிருந்து பெறப்பட்டவை. வரம்புக்குக் கீழே இருப்பதால் மட்டும் ஒருவர் தந்தையாக முடியாது என்று பொருளாகாது. விந்தணு உருவாகி முதிர்வதற்கு இரண்டரை முதல் மூன்று மாதங்கள் ஆகும். கடுங்காய்ச்சல் வந்து சென்றவரின் அறிக்கை மோசமாக இருந்து, மூன்று மாதங்களுக்குப் பின் சீராகியிருப்பதும் உண்டு. ஓர் அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்கலாகாது.

பெண்ணுக்குத் தேவையானவை பின்வரும் வினாக்களுக்கு விடை தரும் பரிசோதனைகளாகும். மாதந்தோறும் கருமுட்டை வெளிப்படுகிறதா? கருக்குழாய்கள் திறந்துள்ளனவா? சினைப்பையில் கருமுட்டை இருப்பு எவ்வளவு? மாதவிடாய் 24 முதல் 35 நாட்களுக்கு ஒருமுறை ஒழுங்காக வருமாயின் கருமுட்டை வெளிப்படுவதாகவே பெரும்பாலும் கொள்ளலாம். கருக்குழாய்களை எச்.எஸ்.ஜி. எனப்படும் ஊடுகதிர்ப் படம் காட்டும். இந்தியாவில் பிறப்புறுப்புக் காசநோய் கருக்குழாய் அடைப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாதலால் இப்படத்தைத் தவிர்க்கக் கூடாது. கருமுட்டை இருப்பை ஸ்கேன் மூலமும், ஏ.எம்.எச். என்னும் இயக்குநீரின் அளவு மூலமும் மதிப்பிடுவர். ஏ.எம்.எச். குறைவு என்ற சொல்லைக் கேட்டவுடன் பலர் அஞ்சுகின்றனர். இவ்வளவு, ஊசி போட்டால் எத்தனை கருமுட்டைகள் கிடைக்கும் என்பதைத் தெரிவிக்குமே தவிர, இளம்பெண் ஒருவர் இயல்பாகக் கருத்தரிப்பாரா என்பதைத் தெரிவிக்காது. கருமுட்டையின் தரத்தை நிர்ணயிப்பது வயதே.

தைராய்டு பரிசோதனையும் இன்றியமையாதது. இதற்கு இவ்வட்டாரத்தில் கூடுதல் காரணம் உண்டு.

தொழிலும் கருவளமும்

வாணவேடிக்கைக் கலவைகளில் பயன்படும் பெர்குளோரேட் உப்புகள், தைராய்டு சுரப்பி அயோடினை உள்ளிழுப்பதைத் தடுக்கும் தன்மை உடையவை. தைராய்டு சுரப்புக் குறைந்தால் கருமுட்டை வெளிப்படுவது தடைப்படலாம், கருச்சிதைவும் ஏற்படலாம். ஈயம் ஆண், பெண் இருபாலரின் இனப்பெருக்கத்தையும் பாதிக்கும் உலோகம் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. பட்டாசுகளில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், அந்திமணி, இலித்தியம் ஆகியவற்றைப் பயன்படுத்த இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் தடை விதித்தது. பேரியம் உப்புகளுக்கான தடை 2018இல் பிறப்பிக்கப்பட்டு 2021இல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. இத்தடைகள் காற்று மாசை முன்னிட்டு வந்தவை எனினும் மருந்து கலப்போர்க்கும், மணி மருந்து உருட்டுவோர்க்கும் பயன் தருபவை.

விரைகள் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 பாகை குறைவான வெப்பத்திலேயே நன்கு இயங்கும். வெயிலில் உலர்த்தும் மேடைகளிலும் தகரக் கூரையின் கீழும் நாள் முழுதும் உழைப்போர், கொதிகலன் அருகே நிற்போர், நெடுந்தொலைவு பாரவண்டி ஓட்டுவோர் ஆகியோரிடம் விந்தணு எண்ணிக்கை குறைய வாய்ப்புண்டு. வெப்பத்திலிருந்து விலகினால் சில மாதங்களில் இது மீளக்கூடியது. சிவகாசியின் மற்றொரு தொழிலான அச்சுத்தொழிலில் மைக்கரைப்பான்கள் கவனத்துக்குரியவை. டொலுயீன் என்னும் கரைப்பானுக்கு ஆட்பட்ட செருமானிய அச்சகப் பெண் தொழிலாளர்கள் கருத்தரிக்கக் கூடுதல் காலம் எடுத்ததை 1999இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆண் தொழிலாளர்களிடம் அத்தகைய விளைவு காணப்படவில்லை.

இவற்றால் ஒருவரது குழந்தையின்மைக்குத் தொழிலே காரணம் என்று முடிவு கட்டிவிட இயலாது. கணவனும் மனைவியும் செய்யும் வேலையை மருத்துவரிடம் விரிவாகச் சொல்வதே செய்யத்தக்கது. "கூலி வேலை" என்று சீட்டில் எழுதப்பட்டால் மருத்துவர் எதனையும் ஊகிக்க முடியாது. மருந்து அறையா, சரம் பின்னும் இடமா, அச்சகமா என்பது தெரிய வேண்டும். சிகிச்சைக் காலத்திலாவது மருந்துத் தூள் படாத பணிக்கு மாறுவதும், வேலை உடையுடன் வீட்டுக்குள் வராதிருப்பதும், உண்பதற்கு முன் கை கழுவுவதும் செலவில்லாத தற்காப்புகளாகும். புகையிலையைக் கைவிடுதல் இருபாலர்க்கும் பொருந்தும்.

சிகிச்சை முறைகள்

காத்திருத்தல்

காரணம் எதுவும் தென்படாத, பெண்ணின் வயது குறைவாக உள்ள, இரண்டாண்டுகளுக்கு உட்பட்ட குழந்தையின்மையில் மேலும் சில மாதங்கள் காத்திருப்பதும் ஒரு சிகிச்சைத் தெரிவே. இத்தகைய இணையரிடையே ஆறு மாதக் காத்திருத்தலையும், ஊசியுடன் கூடிய கருப்பையுள் விந்து செலுத்தலையும் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. அதில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மருத்துவர் "காத்திருங்கள்" என்றால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கருதி வேறு மருத்துவமனைக்கு மாறுவோர் இதனை நினைவிற்கொள்ளலாம். பெண்ணின் வயது 36 அல்லது 37 ஆயின் இதே அறிவுரை தீங்காகிவிடும்.

மருந்தும் அறுவையும்

நீர்க்கட்டி என்று மக்கள் வழங்கும் சினைப்பைப் பல்கட்டி நோய்க்குறியில் கருமுட்டை ஒழுங்காக வெளிப்படுவதில்லை. உடற்பருமன் உள்ளோர் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலர்க்கு மாதவிடாய் சீராகும். அடுத்த படி மாத்திரையாகும். குளோமிபீன் நெடுங்காலம் முதல் மருந்தாக இருந்தது. லெட்ரோசோல் அதனைவிடக் கூடுதல் குழந்தைப் பிறப்புகளைத் தருவதாக 2014இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இம்மருந்தைக் குழந்தையின்மைக்குப் பயன்படுத்த இந்திய அரசு 2011இல் தடை விதித்திருந்தது. பின்னர் அத்தடை விலக்கப்பட்டது. இம்மாத்திரைகளை ஸ்கேன் கண்காணிப்பு இன்றி, மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி உண்பது பயனற்றது. ஆறு சுழற்சிகளுக்குள் பலன் இல்லையெனில் வழியை மாற்ற வேண்டும்.

கருப்பையில் சதைக்கட்டி, தடுப்புச் சுவர், கருக்குழாயில் நீர்கோத்தல், ஆணுக்கு விரை நாளப் புடைப்பு ஆகியவற்றுக்கு அறுவை பயன்படலாம். விரை நாளப் புடைப்பு கையால் தொட்டு உணரும் அளவில் இருந்து, விந்து அறிக்கையிலும் குறை இருந்தால் மட்டுமே அறுவையால் நன்மை உண்டு.

கருப்பையுள் விந்து செலுத்தல்

ஐ.யு.ஐ. எனப்படும் இம்முறையில் விந்து கழுவப்பட்டு, நன்கு நீந்தும் அணுக்கள் பிரிக்கப்பட்டு, கருமுட்டை வெளிப்படும் நேரத்தில் மெல்லிய குழாய் மூலம் கருப்பைக்குள் செலுத்தப்படுகின்றன. சில நிமிடங்களில் முடியும். படுக்கை ஓய்வு தேவையில்லை. குறைந்தது ஒரு கருக்குழாயேனும் திறந்திருக்க வேண்டும், நீந்தும் விந்தணுக்கள் சில பத்து இலட்சங்களேனும் இருக்க வேண்டும். இரு கருக்குழாய்களும் அடைபட்டவர்க்கு இதைச் செய்வது பணத்தை வீணாக்குவதாகும். எச்.எஸ்.ஜி. படத்தைக் கேட்காமல் ஐ.யு.ஐ. செய்ய முன்வரும் இடத்தில் ஏன் என்று கேட்கலாம்.

ஒரு சுழற்சியில் வெற்றி வாய்ப்பு பத்தில் ஒன்று என்று கொண்டால், மூன்று சுழற்சிகளின் கூட்டு வாய்ப்பு ஏறத்தாழ 27 விழுக்காடாகும். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது எனச் செல்லுந்தோறும் கூடுதல் பயன் குறையும். இளம்பெண்ணுக்கு மூன்று முதல் ஆறு வரையிலும், 38 வயதைக் கடந்தவர்க்கு அதனினும் குறைவாகவும் நிறுத்திக்கொள்வது பொதுவான மருத்துவ வழக்கம்.

வெளிச் சோதனை முறை கருக்கட்டல்

பரவலாகச் சோதனைக் குழாய்க் குழந்தை முறை அல்லது ஐ.வி.எஃப். என அறியப்படும் இம்முறையில் உலகின் முதற் குழந்தை 1978ஆம் ஆண்டு சூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாசு முகோபாத்யாயின் முயற்சியால் இந்தியாவின் முதற் குழந்தை பிறந்தது. ஆயினும் அவரது பணி அன்றைய மேற்கு வங்க அரசுக் குழுவால் ஏற்கப்படவில்லை. அவர் 1981இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உரிய அங்கீகாரம் அவர் மறைவுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது. சென்னையில் மருத்துவர் கமலா செல்வராசின் மருத்துவமனையில் 1990இல் இம்முறையில் குழந்தை பிறந்தது. தென்னிந்தியாவில் இதுவே முதல் எனக் குறிப்பிடப்படுகிறது.

சிகிச்சையில் ஏறத்தாழ 10 முதல் 12 நாட்கள் ஊசி போடப்படும். இடையிடையே ஸ்கேன் எடுக்கப்படும். இறுதி ஊசிக்குப் பின் 34 முதல் 36 மணி நேரத்தில் மயக்க மருந்தின்கீழ் கருமுட்டைகள் வெளியே எடுக்கப்படும். அவை ஆய்வகத்தில் விந்தணுக்களுடன் சேர்க்கப்பட்டு, மூன்றாம் அல்லது ஐந்தாம் நாளில் கரு கருப்பைக்குள் வைக்கப்படும். விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவாயின் ஒரே விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்சி முறை கையாளப்படும். பெல்சியத்தில் 1992இல் அறிவிக்கப்பட்ட இம்முறை, விந்தில் அணுவே வராத ஆண்களுள் சிலர்க்கும் விரையிலிருந்து அணுவை எடுத்துப் பயன்படுத்த வழி திறந்தது. விந்து இயல்பாக உள்ளவர்க்கு இக்சியால் கூடுதல் நன்மை இல்லை.

அடைபட்ட கருக்குழாய்கள், மிகக் குறைந்த விந்தணுக்கள், பலனளிக்காத ஐ.யு.ஐ., முதிர்ந்த வயது ஆகியன இம்முறைக்கு உரிய காரணங்களாகும். ஊசிகளால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்து உயிருக்கு ஆபத்து நேர்வது அரிதாக உண்டு. நீர்க்கட்டி உள்ள இளம்பெண்களிடம் இவ்வாபத்து மிகுதி. ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை வைத்தால் இரட்டையர் பிறக்கும் வாய்ப்பும், அதனுடன் குறைப்பிரசவ ஆபத்தும் கூடுகின்றன. ஒரே செலவில் இரு குழந்தைகள் என்று மகிழ்வோர், குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைச் செலவையும் கணக்கிட வேண்டும்.

வெற்றி வீதத்தைப் படிக்கும் முறை

மதுரைச் சாலையோரப் பலகைகளிலும் உள்ளூர்த் தொலைக்காட்சிகளிலும் காணப்படும் வெற்றி விழுக்காடுகள், எதனை எதனால் வகுத்தவை என்பதைச் சொல்வதில்லை. கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நூறு பெண்கள் ஊசி தொடங்குகின்றனர். அவருள் 90 பேரிடமிருந்து கருமுட்டை எடுக்கப்படுகிறது. 75 பேருக்குக் கரு வைக்கப்படுகிறது. 38 பேருக்கு இரத்தப் பரிசோதனையில் கருவுற்றதாக முடிவு வருகிறது. 32 பேரிடம் கருவின் இதயத் துடிப்பு தெரிகிறது. 26 பேர் உயிருள்ள குழந்தையைப் பெறுகின்றனர். இம்மருத்துவமனை 38ஐ 75ஆல் வகுத்து "51 விழுக்காடு வெற்றி" என விளம்பரம் செய்யலாம். பொய் ஏதும் இல்லை. எனினும் ஊசி தொடங்கிய பெண் ஒருவர் குழந்தையுடன் வீடு திரும்பும் வாய்ப்பு 26 விழுக்காடே.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "என் மனைவியின் வயதுடைய பெண்களில், சிகிச்சை தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் குழந்தை பெற்றனர்?" என்பதாகும். அப்பெண்களின் சொந்தக் கருமுட்டையால் பெற்றனரா, தானக் கருமுட்டையாலா என்பதையும் கேட்க வேண்டும். இளம்பெண்ணின் தானக் கருமுட்டையைப் பயன்படுத்தினால் பெறுபவரின் வயது ஏறத்தாழப் பொருட்டாகாது. இவ்விரு வகைகளையும் கலந்து சொன்னால் 43 வயதினர்க்கும் நம்பிக்கை தரும் எண் கிடைத்துவிடும். சொந்தக் கருமுட்டையைப் பயன்படுத்தும்போது 35 வயதுக்குப் பின் வெற்றி வேகமாகச் சரிந்து, 43 வயதுக்குப் பின் மிக அரிதாகிவிடுகிறது.

கூடுதல் கட்டணத்தில் அளிக்கப்படும் துணைச் சிகிச்சைகளிலும் கவனம் தேவை. எடுத்துக்காட்டாக, கருப்பை உட்சுவரைச் சுரண்டினால் கரு நன்கு ஒட்டும் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு, அதனால் குழந்தைப் பிறப்பு கூடவில்லை என்று காட்டியது.

செலவும் தொலைவும்

தனியார் மருத்துவமனையில் ஐ.யு.ஐ. ஒரு சுழற்சிக்குச் சில ஆயிரம் ரூபாயிலும், ஐ.வி.எஃப். பொதுவாக ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேலும் ஆகிறது. மருந்து, கரு உறைவித்தல், மறுமுறை கரு வைத்தல் ஆகியவை தொடக்கத்தில் சொல்லப்படும் தொகையில் சேராதிருக்கலாம். அவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. நடுவண் அரசின் ஆயுசுமான் பாரத் காப்பீட்டில் செயற்கைக் கருத்தரிப்பு முறைகள் பொதுவாக விலக்கப்பட்டவை. எனவே பட்டாசு ஆலைத் தொழிலாளர் குடும்பம் நகையை அடகு வைத்தோ, ஆலையில் முன்பணம் பெற்றோ, தங்கத்தை விற்றோ இத்தொகையைத் திரட்டுகிறது. முன்பணம் வாங்கியவர் அதை வேலை செய்தே கழிக்க வேண்டும். சிகிச்சை தோற்றாலும் கடன் நிற்கும்.

இதனால் முதற்கட்டப் பரிசோதனைகளை அருகிலேயே முடித்துக்கொள்வது பொருத்தமானது. விருதுநகரில் 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் மகளிர் மருத்துவப் பிரிவு உள்ளது. சிவகாசியில் தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனை உள்ளது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட, ஈட்டுறுதியில் பதிவான தொழிலாளர்க்கு அங்கு மருத்துவம் கிடைக்கும். கருவுற்றபின் 26 வார மகப்பேற்றுப் பயனும் உண்டு. ஆலைப் பதிவேட்டில் பெயர் இல்லாத தொழிலாளர்க்கு இவை கிட்டா. சிகிச்சையைத் தொடங்குமுன் தம் ஈட்டுறுதி எண்ணைச் சரிபார்த்துக்கொள்வது பெண் தொழிலாளர்க்குப் பயன்படும்.

ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு இம்மாவட்டத்தார் பெரும்பாலும் மதுரையை நாடுகின்றனர். சிவகாசியிலிருந்து மதுரை ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. ஊசிக்காலத்தில் பலமுறை சென்று திரும்ப வேண்டும். கணவரும் உடன் சென்றால் ஒவ்வொரு பயணத்திலும் இருவரின் கூலி போகும். தினசரி ஊசியை உள்ளூர்ச் செவிலியரிடம் போட்டுக்கொண்டு, ஸ்கேனுக்கும் கருமுட்டை எடுப்பதற்கும் மட்டும் மதுரை செல்ல மருத்துவமனை இசையுமா என்று முன்னதாகக் கேட்கலாம். தீபாவளிக்குப் பிந்தைய விடுமுறை வாரங்கள் இதற்கு ஏற்றவை. ஆனால் 38 வயதுப் பெண் ஒருவர் மாசி மாதத்தில் ஐப்பசி வரை காத்திருப்பது கூலியைக் காத்துக் கருமுட்டையை இழப்பதாகும்.

சட்டம்

2021ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி ஐ.யு.ஐ. மட்டும் செய்யும் இடங்கள் முதல் நிலை மையங்களாகவும், ஐ.வி.எஃப். செய்பவை இரண்டாம் நிலை மையங்களாகவும் பதிவு பெற வேண்டும். சிகிச்சை பெறும் பெண் 21 வயதுக்கு மேல் 50க்குள்ளும், ஆண் 21க்கு மேல் 55க்குள்ளும் இருக்க வேண்டும். சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு, செலவு, பக்க விளைவுகள் ஆகியவற்றை இணையர்க்கு விளக்கிச் சொல்வது மையத்தின் கடமையாகும். எழுத்து வடிவ ஒப்புதல் இன்றி எதுவும் செய்யலாகாது. குழந்தையின் பாலினத்தைத் தெரிவு செய்வது குற்றமாகும்.

கருமுட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே தானம் செய்யலாம். ஏழு கருமுட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. இவ்வரம்புகள் ஏன் தேவை என்பதை 2022இல் ஈரோட்டில் வெளிப்பட்ட நிகழ்வு காட்டியது. 16 வயதுச் சிறுமி ஒருவரின் அடையாள ஆவணத்தில் வயது கூட்டிக் காட்டப்பட்டு, அவரது கருமுட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்டிருந்தன. சிறுமியின் தாயும் உடந்தையாயிருந்தோரும் கைது செய்யப்பட்டனர். தமிழ்நாடு அரசு விசாரணைக் குழு அமைத்து மருத்துவமனைகள் மீது நடவடிக்கை எடுத்தது. கூலியும் கடனும் நெருக்கும் பகுதிகளில் இடைத்தரகர் எளிதில் நுழைவர். தானக் கருமுட்டையைப் பெறும் இணையர் அதனைப் பதிவு பெற்ற வங்கி வழியாகவே பெற வேண்டும்.

ஆணுக்கு விந்தணு அறவே இல்லாத நிலையில் தான விந்து ஒரு தெரிவாகும். கொடையாளரின் அடையாளம் மறைக்கப்படும். பிறக்கும் குழந்தை சட்டப்படி அவ்விணையரின் சொந்தக் குழந்தையே. ஊரார் அறியக் கூடாது என்ற அச்சத்தில் கணவருக்கே தெரிவிக்காமல் இதனைச் செய்துவிடும்படி குடும்பத்தினர் கேட்பதுண்டு. அது சட்டத்துக்கும் மருத்துவ அறத்துக்கும் முரணானது. வாடகைத் தாய் முறை வணிக நோக்கில் தடை செய்யப்பட்டு, மருத்துவக் காரணம் உள்ளோர்க்கு மட்டும் கடும் நிபந்தனைகளுடன் அனுமதிக்கப்படுகிறது.

தத்தெடுப்பு

தத்தெடுப்பைச் சிகிச்சைகள் அனைத்தும் தோற்றபின் வரும் கடைசி வழியாகக் கருதுவது வழக்கம். இக்கருத்துக்கு நடைமுறையில் ஒரு விலை உண்டு. இந்தியாவில் தத்தெடுக்க விரும்புவோர் நடுவண் தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையவழிப் பதிவேட்டில் பதிய வேண்டும். பதிந்தபின் கைக்குழந்தைக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்கிறது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் கணவன் மனைவியின் வயதுகளின் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. திருமணமாகி இரண்டாண்டுகளேனும் ஆகியிருக்க வேண்டும். கணவருக்கு 46, மனைவிக்கு 41 ஆகும்வரை ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கிய இணையர், தத்தெடுக்க முன்வரும்போது கைக்குழந்தைக்கான தகுதியை இழந்திருப்பர். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு இவ்வரம்பு 90 ஆகும். சிகிச்சையில் இருக்கும்போதே பதிந்துவைக்க ஆலோசிப்பதில் தவறில்லை.

உறவினர் குழந்தையைச் சுவீகாரம் எடுத்தல் இவ்வட்டாரத்தில் பழைய வழக்கம். அக்காள் மகனையோ கொழுந்தன் மகளையோ வீட்டில் வளர்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கின்றனர். பதிவு இல்லாத இத்தகைய ஏற்பாட்டில் சொத்துரிமை, பள்ளிச் சான்றிதழ், பெற்றோர் திரும்பக் கேட்டல் ஆகியவற்றில் சிக்கல் எழும். இந்துக்கள் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின்படி, 15 வயது நிறையாத குழந்தையை முறைப்படி தத்தெடுத்துப் பத்திரம் பதிவு செய்துகொள்ளலாம். இளையோர் நீதிச் சட்டத்தின் வழியிலான தத்தெடுப்புக்கு 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்கு மாறாக மாவட்ட ஆட்சியர் ஆணை வழங்குகிறார். விருதுநகர் மாவட்டத்தார் இதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம்.